கொன்றை சொன்ன பருவம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் கொன்றை முதன்முதலாகப் பூத்தது போன வருஷம் சித்திரையில். விதை போட்டு எட்டாவது வருஷம். முழ நீளக் கறுப்புக் காயை உடைத்து, உள்ளே அறை அறையாகக் கிடந்த விதைகளை உப்புத்தாளில் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போட்டேன். தேய்க்காமல் போட்டவை முளைக்கவே இல்லை. தோல் அவ்வளவு கெட்டி.

மரம் பூராவும் மஞ்சள் சரம் தொங்குவதைப் பார்த்துவிட்டு அம்மா சொன்னாள்: "நாலு நாள் முன்னால மழை பேஞ்சுச்சுல்ல, ஏமாந்து பூத்திருக்கு."

அம்மா குறுந்தொகை படித்தவளில்லை. ஆனால் 66ஆம் பாட்டில் தோழி சொல்வது இதைத்தான். கார்காலத்தில் வருவதாகச் சொல்லிப்போன தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது, தலைவி கலங்குகிறாள். இந்த மரம் ஒரு மடையன், வம்பாகப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துவிட்டது என்கிறாள் தோழி. 21ஆம் பாட்டில் தலைவியே பேசுகிறாள். காடே கார் என்று சொன்னாலும் நம்பமாட்டாளாம், அவர் பொய் சொல்லாதவராம்.

குறுந்தொகையை 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனும் 1937இல் உ.வே.சாமிநாதையரும் பதிப்பித்தார்கள். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே 66ஆம் பாட்டின் கீழே குறிப்பு எழுதியவர், தலைவி பருவத்தைக் கண்டுதான் அழிந்தாள் என்று முடிவுகட்டிவிட்டார். முல்லைத்திணைக்குக் கார், காருக்குக் கொன்றை. இலக்கணப்படி பருவம் வந்துவிட்டது. ஆகவே தோழி சொல்வது ஆறுதலுக்கான பொய். நமக்கும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

கொல்லையில் மரம் நிற்கிறவனுக்கு இதில் ஒரு சந்தேகம் வருகிறது. சரக்கொன்றை இலையைக் கொட்டிவிட்டு, வெயில் ஏற ஏறப் பூக்கும் மரம். சித்திரை, வைகாசிதான் அதன் காலம். மழைக்காலத்தில் சில மரங்கள் இரண்டாம் தடவை கொஞ்சமாகப் பூக்கும், அவ்வளவே. கார் என்பதோ ஆவணி, புரட்டாசி. கோடை மழையோடு கொன்றை பூத்து நிற்க, கார் இன்னும் நாலு மாசம் தள்ளி இருப்பது இந்தப் பக்கத்தில் சாதாரணம். அப்படியானால் தோழி பொய்யே சொல்லவில்லை. அவள் மரத்தைப் பார்த்தாள். குறிப்பெழுதியவர் சூத்திரத்தைப் பார்த்தார். (புலவர்கள் இரண்டாம் பூப்பைத்தான் பாடினார்கள் என்று வாதாடலாம். ஆனால் கிளை கொள்ளாமல் சரம் தொங்குவதாக அல்லவா பாட்டு சொல்கிறது!)

திருவாதவூர்க்காரனுக்கு இந்த வழக்கில் கொஞ்சம் சொந்தமும் உண்டு. கபிலர் எங்கள் ஊர்க்காரர் என்பது மரபு. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியலில் கொன்றையையும் சேர்த்தவர் அவர். மாணிக்கவாசகரும் இங்கே பிறந்தவர்தான்; அவர் பாடிய சிவனுக்குக் கொன்றைதான் கண்ணி. அம்மா முதல் சரத்தைத் திருமறைநாதர் கோயிலுக்குக் கொண்டுபோனாள், எந்தப் பருவத்துப் பூ என்று சாமி கேட்கப்போவதில்லை.

விஷுக்கணிக்கு வேண்டிய கொன்றை பிப்ரவரியிலேயே பூத்து உதிர்கிறது என்று கேரளத்தில் சில வருஷங்களாகவே புலம்பல். எங்கள் மரமும் இந்த வருஷம் மாசியிலேயே பூத்துவிட்டது. ஒரு பொட்டு மழை இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். "இப்ப யாருடா இத ஏமாத்துனது?" என்றாள்.