இஸட் புள்ளியும் மலையக மாணவரும்

இறம்பொடையிலிருந்து க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றாலும், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிப்பது அச்சித்தியன்று, இஸட் புள்ளியே.

2001ஆம் ஆண்டு முதல் நடைமுறையிலுள்ள இம்முறையில், மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்துக்குத் தோற்றிய அனைவரினதும் சராசரி கழிக்கப்பட்டு, எஞ்சுவது நியம விலகலால் வகுக்கப்படுகின்றது. சராசரி 50, விலகல் 10 எனில், 70 பெற்றவரின் இஸட் புள்ளி 2. சராசரி 65, விலகல் 15 ஆகவுள்ள பாடத்தில் 80 பெற்றவருக்கோ 1 மாத்திரமே! மூன்று பாட இஸட் புள்ளிகளின் சராசரியே இறுதிக் கணக்கு. (2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களுக்குத் தோற்றியோரை ஒன்றாகக் கணித்தமையை 2012 இல் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது.)

அதன்பின்னரே மாவட்டம் கவனிக்கப்படுகின்றது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியன. நுவரெலியா அப்பதினாறில் ஒன்று. ஆனால் கலைத்துறைத் தெரிவு அகில இலங்கைத் திறமை அடிப்படையிலானது. தோட்டப்புறப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளே இல்லை. ஆதலால் நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் கலைப்பிரிவிலேயே பயில்கின்றனர். மாவட்டத்துக்கென ஒதுக்கிய சலுகை அவர்களை எட்டுவதில்லை.