தமிழ்நாட்டில் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் கூட்டு உரிமையும்

ஒரே மனையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்ட பல வீடுகளில், தனித்தனிக் குடும்பங்கள் வாழும் கட்டடம் அடுக்குமாடிக் குடியிருப்பு எனப்படும். அடுக்ககம் என்றும், பேச்சுவழக்கில் ஃபிளாட், அபார்ட்மென்ட் என்றும் இதைச் சொல்வர். இங்கு வீட்டின் உட்பகுதி ஒரு குடும்பத்துக்கு உரியது. நிலம், தூண்கள், படிக்கட்டு, மொட்டைமாடி, கிணறு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை எல்லாருக்கும் உரியவை. கட்டடம் புதிதாக இருக்கும்வரை இந்தக் கூட்டு உரிமை பெரிதாகத் தெரிவதில்லை. அது பழுதடையும்போது, குடியிருப்போரின் உயிரும் சேமிப்பும் இதைச் சார்ந்தே நிற்கின்றன.

தனி வீடும் அடுக்கு வீடும்

தூத்துக்குடி மாவட்டத்தின் சாத்தான்குளம் போன்ற பேரூராட்சிகளில் வீடு வாங்குவது என்றால் பெரும்பாலும் மனையோடு வாங்குவதுதான். பத்திரத்தில் சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். சுவர் விரிந்தால் பூசுவதும், வீட்டை இடித்துக் கட்டுவதும் உரிமையாளரின் முடிவு. அங்கிருந்து சென்னைக்குச் சென்று இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்குபவருக்கு இந்த எல்லைகள் பொருந்துவதில்லை. அவருடைய தரை கீழ்வீட்டின் கூரை. அவருடைய கூரை மேல்வீட்டின் தரை. அப்படியானால் நிலத்தில் அவருக்கு உரியது எது? அடுக்குமாடிச் சட்டங்களின் வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

பழங்கால மாடிகள்

மாடி வீடு தமிழருக்குப் புதிதன்று. சங்க நூல்கள் மாட மாளிகைகளைப் பேசுகின்றன. ஆயினும் அவை ஒரு குடும்பத்தின் உடைமைகள். பண்டைய ரோமில் பல மாடிக் குடியிருப்புகள் இருந்தன. அவற்றில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வாடகைக்கு இருந்தவர்கள். ஒரே கட்டடத்தின் மாடிகள் வெவ்வேறு ஆட்களுக்குச் சொந்தமாக இருந்தால் பழுதுபார்க்கும் செலவை எப்படிப் பகிர்வது என்பதை 1804-ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் வரையறுத்தது.

சென்னையில் அடுக்ககத்துக்கு முன்னோடியாக ஒண்டுக்குடித்தனத்தைக் கூறலாம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற இடங்களில் ஒரே வீட்டின் முற்றத்தையும் கிணற்றையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. பகிர்தல் இருந்தது, உரிமை மட்டும் வீட்டுக்காரர் ஒருவரிடமே இருந்தது.

வாரியங்களின் காலம்

நாடு விடுதலை பெற்ற பின் நகரங்களில் மக்கள்தொகை பெருகியது. 1947-இல் சென்னையில் நகர மேம்பாட்டு அறக்கட்டளை செயல்படத் தொடங்கியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அதன் பணிகளை வீட்டு வசதி வாரியம் ஏற்றது. குடிசைப் பகுதி மக்களுக்காக 1970-இல் குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. அது 2021-இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. வாரியங்களின் மாடிக் குடியிருப்புகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முதல் கான்கிரீட் வீடாக அமைந்தன.

1970-களுக்குப் பின் தனியார் கட்டுநர்களும் இத்துறையில் பெருகினர். நில உரிமையாளர் மனையைக் கொடுப்பார். கட்டுநர் தம் செலவில் கட்டுவார். வீடுகளை இருவரும் பங்கிட்டுக்கொள்வர். இந்தக் கூட்டு முயற்சி முறையால் பழைய தனி வீடுகள் பல அடுக்ககங்களாயின. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர்.

பிரிபடாத பாகம்

நிலத்தில் ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கு 'பிரிபடாத பாகம்' எனப்படுகிறது. யூ.டி.எஸ். என்ற சுருக்கமும் பரவலாக வழங்குகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதில் சம அளவுள்ள ஆறு வீடுகள் இருந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் 400 சதுர அடி நிலம் சேரும். ஆனால் அந்த 400 சதுர அடி எது என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. மனையின் ஒவ்வொரு பிடி மண்ணிலும் ஆறு பேருக்கும் பங்கு உண்டு.

கட்டடத்துக்கு வயது ஏற ஏற அதன் மதிப்பு குறையும். நிலம் அப்படியே இருக்கும். வீட்டின் பரப்பை மட்டும் கேட்டுவிட்டு, பிரிபடாத பாகத்தின் அளவைப் பத்திரத்தில் பார்க்காமல் வாங்குபவர் பிற்காலத்தில் இழப்பைச் சந்திக்க நேரிடும்.

சட்டங்களின் வளர்ச்சி

இந்தியாவில் மகாராட்டிரம் 1963-இலும் 1970-இலும் இதற்கெனச் சட்டங்கள் இயற்றியது. இலங்கையின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் 1973-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தமிழ்நாடு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தை இயற்றி, 1997-இல் அதற்கான விதிகளை வகுத்தது. அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் உள்ள வாகன நிறுத்துமிடம் பொதுப் பகுதியே என்றும், கட்டுநர் அதைத் தனியாக விற்க முடியாது என்றும் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. 'ரேரா' எனப்படும் 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறைகளைக் கட்டுநரே தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்றது.

இரண்டு விபத்துகள்

2014 சூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அருகில் நின்ற இணைக் கட்டடமும் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

2021 திசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியம் முன்பு கட்டிய குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து, 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கண்ட மக்கள் முன்னதாகவே வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு ஏற்படவில்லை.

முதல் விபத்து கட்டும்போது நேர்ந்தது. இரண்டாவது மக்கள் குடியிருந்தபோது நேர்ந்தது. கட்டி முடித்த கட்டடத்துக்கும் தொடர்ந்த கவனிப்பு தேவை என்பதை இரண்டாவது விபத்து உணர்த்தியது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களில் இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் நுழைந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். ஒரு வீட்டில் ஒழுகும் குளியலறை நீர் பல வீடுகளைத் தாங்கும் தூணைக்கூட அரித்துவிடும்.

யார் முடிவு செய்வது?

பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது மறுகட்டுமானம். 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்குத் தெளிவான வழி இல்லாததால், நடைமுறையில் எல்லா உரிமையாளர்களின் ஒப்புதலும் தேவைப்பட்டது. ஒருவர் மறுத்தாலும் வேலை நின்றுவிடும். 2022-இல் சட்டமன்றத்தில் நிறைவேறி 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய அடுக்குமாடி உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் மறுகட்டுமானம் செய்ய வழிவகுத்தது.

தமிழர்கள் பலர் அடுக்குமாடிகளில் வாழும் சிங்கப்பூரிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. அங்குத் தனியார் அடுக்ககம் ஒன்றை ஒட்டுமொத்தமாக விற்க, பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடமாயின் 80 விழுக்காடும், அதற்குட்பட்டதாயின் 90 விழுக்காடும் ஒப்புதல் தேவை.

பெரும்பான்மை முடிவு எல்லாருக்கும் எளிதானதன்று. ஓய்வூதியத்தில் வாழும் முதியவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் வெளியே வாடகைக்கு இருப்பது பெருஞ்சுமை. கட்டுநர் பாதியில் கைவிட்டால் என்னாவது என்ற அச்சமும் நியாயமானதே. மறுப்பவரின் அச்சத்துக்கு மதிப்பளித்தாக வேண்டும். கீழ்வீட்டுக் குழந்தையின் தலைக்கு மேல் உதிரும் கூரையையும் பார்த்தாக வேண்டும்.

சங்கத்தின் இடம்

இவற்றைப் பேசித் தீர்க்கும் இடம் குடியிருப்போர் சங்கம். மாதப் பராமரிப்புத் தொகையை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, சதுர அடிக் கணக்கில் பிரிப்பதா? தரைத்தளத்தில் இருப்பவர் லிஃப்ட் செலவில் பங்கு தர வேண்டுமா? 2019-இல் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, லாரித் தண்ணீர்ச் செலவைப் பகிர்வதும் இத்தகைய கேள்வியானது. சிறிய கேள்விகளுக்கு ஒழுங்காகக் கூட்டம் கூட்டி, கணக்குக் காட்டி, முடிவெடுத்துப் பழகிய சங்கமே பெரிய பழுது வரும்போது நிதியோடும் நம்பிக்கையோடும் செயல்பட முடியும். பழகாத சங்கத்தில் விரிசலைப் பற்றிய பேச்சு, யார் பணம் தருவது என்ற சண்டையிலேயே நின்றுவிடும்.

1980-களிலும் 1990-களிலும் கட்டப்பட்ட அடுக்ககங்கள் இப்போது முப்பது, நாற்பது வயதைக் கடந்துவிட்டன. அவற்றின் உரிமையாளர்களில் பலரும் முதியவர்கள். மூன்றில் இரண்டு பங்கு என்ற எண்ணைச் சட்டம் தந்துள்ளது. அந்த எண்ணிக்கையை எட்டும் பேச்சு ஒவ்வொரு கட்டடத்தின் படிக்கட்டிலும் மொட்டைமாடியிலும் நடந்தாக வேண்டும். அதுவும் முதல் விரிசல் தெரிவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும்.