கருமத்தம்பட்டி கற்பிக்கும் பாடம்

கோவையிலிருந்து அவிநாசி செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த கருமத்தம்பட்டியை, அக்டோபர்த் தேர்த்திருவிழாவின் வழியாகவே நம்மில் பலர் அறிவோம். செபமாலை அன்னையின் தேர்வடத்தைத் தொட்டு வணங்கித் திரும்பும் நாம், அம்மண்ணின் வரலாற்றையும் சற்றே எண்ணிப்பார்த்தல் தகும்.

1606-இல் மதுரை வந்த தே நொபிலி அடிகளார், 1623-இல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு நடந்தே வந்தார். அந்நூற்றாண்டிலேயே இயேசு சபைத் துறவியரின் உழைப்பால் கருமத்தம்பட்டியிலும் விசுவாசம் வேரூன்றியது. 1773-இல் அச்சபை கலைக்கப்பட்டபின், பாரிஸ் மறைபரப்புச் சபையினர் இப்பணியை ஏற்றனர்.

1845-இல் கோவைப் பணித்தளம் புதுச்சேரியிலிருந்து பிரிக்கப்பட்டு, மரியோன் பிரசியாக் அடிகளாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1846 அக்டோபர் 4 ஞாயிறன்று, கருமத்தம்பட்டியிலேயே அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். அக்காலத்தில் அக்டோபர் முதல் ஞாயிறே செபமாலை அன்னையின் திருநாள். புதிய ஆயருக்கு வயது முப்பத்திரண்டு. நகரத்துப் பேராலயம் கண்டிராத சிறப்பை ஒரு சிற்றூர் அன்று கண்டது.

இந்நாட்டுத் திருச்சபையை இந்நாட்டுக் குருக்களும் ஆயர்களுமே வழிநடத்த வேண்டும் என்பது அவர் கொண்ட உறுதி. அதே வேளையில், சாதி வழக்கங்களுக்குத் திருச்சபை எவ்வளவு இடந்தரலாம் என்ற வினா அவருடைய மனச்சான்றை வருத்தியது. உடன்பணியாளரிடையே கருத்து வேற்றுமை நீடித்தது. உரோமையிலிருந்தும் தெளிவான முடிவு கிட்டவில்லை. 1855-இல் அவர் பொறுப்பைத் துறந்தார். மறு ஆண்டு லியோனில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சபையை நிறுவிய அவர், 1859 ஜூன் 25 அன்று, ஃபிரீடவுன் சேர்ந்த ஆறே வாரங்களில், மஞ்சள் காய்ச்சலுக்குப் பலியானார். 2020-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

அவர் விதைத்ததன் பயன் பிறகு விளைந்தது. 1923-இல் தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையும், 1940-இல் கோவையில் உபகாரசாமி ஆண்டகையும் ஆயர்களாயினர். கருமத்தம்பட்டித் திருநிலைப்பாட்டிற்குப்பின் கோவை காத்திருந்தது தொண்ணூற்று நான்கு ஆண்டுகள்!

ஒரு வினாவுக்கு விடை கிடைத்துவிட்டது. மற்றொன்று? கல்லறைத் தோட்டத்திலும் திருமணப் பேச்சிலும் நாம் இன்னும் சாதி பார்க்கிறோம் எனில், பிரசியாக் ஆயரைத் துயருறுத்திய வினா நம் வாசலிலேயே நிற்கிறது. இம்முறை அதற்கு விடை தரவேண்டியது உரோமையன்று. ஒரே தேரின் வடத்தைச் சேர்ந்து இழுக்கும் நாமே.