சொத்துக்குக் காவல், ஆளுக்குக் காவல்

தன் சொத்தையும் காரியங்களையும் தானே பார்த்துக்கொள்ள முடியாத ஒருவருக்காக இன்னொருவரைச் சட்டப்படி பொறுப்பாக்கும் முறை, சென்னை மாகாணத்தில் நிலவரிக் கவலையிலிருந்து பிறந்தது. 1802இல் கிழக்கிந்தியக் கும்பினி அரசு நிரந்தர நிலவரித் திட்டத்தை இங்கே கொண்டுவந்தது. ஜமீன்தார் ஆண்டுதோறும் பேஷ்குஷ் என்னும் மாறாத நிலவரியைக் கட்ட வேண்டும். தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும். பட்டத்துக்கு உரியவர் சிறுவனாகவோ புத்தி சுவாதீனம் இல்லாதவராகவோ இருந்துவிட்டால் கிஸ்தியை யார் கட்டுவது? அதற்கு விடையாக வந்தது 1804ஆம் ஆண்டின் 5ஆவது ரெகுலேஷன். அத்தகையவர்களின் ஜமீன்களை ரெவினியூ போர்டே ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்ற பெயரில் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. வங்காளத்தில் இதே ஏற்பாடு 1793இலேயே வந்திருந்தது.

பெயர் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கே எட்டாம் ஹென்றி 1540இல் அமைத்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸ், அரசரிடம் நிலம் பெற்றவர்களின் இளவயது வாரிசுகளைக் காப்பதாகச் சொல்லிக் கஜானாவை நிரப்பியது. வாரிசைக் காக்கும் உரிமையே விலைக்குப் போனது. ஊராரின் வெறுப்பைச் சம்பாதித்த அந்த மன்றத்தை 1660இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தங்கள் ஊரில் வேண்டாமென்று தள்ளிய பெயரை நூற்று முப்பது ஆண்டு கழித்து இந்தியாவில் தயக்கமின்றிச் சூட்டினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஆங்கிலேயச் சட்டத்தில் அதைவிடப் பழைய ஒரு பாகுபாடும் இருந்தது. பிறவியிலேயே அறிவு வளராதவரின் நில வருவாயை, அவருடைய சோறு துணிச் செலவு போக, அரசர் எடுத்துக்கொள்ளலாம். இடையில் சித்தம் கலங்கியவரின் நிலத்தில் அரசருக்கு லாபம் கிடையாது; தெளிந்ததும் அவரிடமே திருப்பித் தர வேண்டும். இந்தப் பாகுபாட்டின் சாயல் இந்தியச் சட்டங்களில் இன்றுவரை தொடர்கிறது.

கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வரும்வரை இங்கே வழங்கியது வேறு முறை. சிறுவனின் சொத்தை அவன் வளரும்வரை அரசன் காக்க வேண்டும் என்கிறது மனு நூல். அந்தப் பொறுப்பை ஊர்ப் பெரியவர்களிடம் விடுகிறது அர்த்தசாஸ்திரம். பிறவிக் குருடர், செவிடர், ஊமை, பித்துப் பிடித்தவர் ஆகியோருக்கோ பங்கே இல்லை என்று மனு விலக்கிவிடுகிறது; அவர்களுக்குச் சோறும் துணியும் கொடுப்பது பங்காளிகளின் கடமை. பங்கு இல்லாதவருக்குச் சொத்துக் காப்பாளர் எதற்கு? பங்கு உள்ள சிறுவனும் கூட்டுக் குடும்பத்தில் குடும்பத் தலைவரான கர்த்தாவின் கைக்குள் அடங்கிவிடுவான். பிரிபடாத குடும்பத்தில் மைனரின் பங்குக்கெனத் தனிக் காப்பாளரை நியமிக்க முடியாது என்று லண்டன் பிரிவி கவுன்சிலே 1903இல் தீர்ப்பளித்தது. ஆகவே நீதிமன்றக் காப்பாளர் என்பவர் பெரும்பாலான குடும்பங்களின் வாசலை மிதிக்கவே இல்லை. ஒருவருக்கே மொத்தமாக இறங்கும் ஜமீன்களில்தான் அவருக்கு வேலை இருந்தது.

கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் ஒரு ஜமீனை எடுத்துக்கொண்டால் கலெக்டரின் மேற்பார்வையில் ஒரு மேனேஜர் வருவார். பேஷ்குஷ் கட்டுவது, கடனை அடைப்பது, குத்தகை பாக்கியை வசூலிப்பது, கண்மாய்களைப் பழுதுபார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 1902ஆம் ஆண்டின் சென்னைச் சட்டம் இந்த முறையைத் திருத்தி அமைத்தது. மைனர்கள், நீதிமன்றம் சித்தசுவாதீனம் இல்லாதவர் என முடிவுசெய்தவர்கள், உடல் அல்லது மனக் குறையால் நிர்வகிக்க முடியாதவர் என அரசு கருதியவர்கள் ஆகியோருடன், திறமை இல்லாதவர் என்று அரசு கருதும் பெண்களும் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்பேற்கக்கூடியவர்களின் பட்டியலில் இருந்தார்கள். இந்த வரிசையைப் பார்த்தாலே அந்தக் காலத்து அதிகாரியின் மனம் புரிந்துவிடும்.

1875ஆம் ஆண்டின் மெஜாரிட்டி சட்டப்படி பொதுவாக 18 வயதில் மைனர்த்தனம் முடிந்தது. நீதிமன்றக் காப்பாளரோ கோர்ட் ஆஃப் வார்ட்ஸோ பொறுப்பில் இருந்தால் 21 வரை காத்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் 1999 வரை நீடித்தது.

கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் முறையின் பலனையும் குறையையும் ஒருசேரக் காட்டுவது இராமநாதபுரம். 1873இல் முத்துராமலிங்க சேதுபதி இறந்தபோது அவர் மகன் பாஸ்கர சேதுபதிக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. பதினாறு ஆண்டுகள் அரசு நிர்வாகம் நடந்தது. சென்னையில் ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞராக 1889இல் அவர் பொறுப்பேற்றார். புலவர்களை ஆதரித்தார், கோயில்களுக்கு வாரி வழங்கினார், விவேகானந்தரின் அமெரிக்கப் பயணத்துக்குத் துணைநின்றார்; சில ஆண்டுகளிலேயே ஜமீன் கடனில் மூழ்கியது. 1903இல் அவர் காலமானார். பதினாறு ஆண்டும் நிலத்தைச் சீர்செய்தவர்கள், அதை ஆளப்போகிறவருக்கு வரவு செலவைப் பழக்கினார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

பழக்குவதற்கென்றே தேனாம்பேட்டையில் நியூயிங்டன் என்ற பங்களாவில் மைனர் ஜமீன்தார்களுக்கு ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. அதன் முதல்வர் டி லா ஹே 1919 அக்டோபரில் இரவில் தூங்கும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். தென்பாண்டி ஜமீன் வாரிசுகள் சம்பந்தப்பட்ட அந்த வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். மாகாணமே பரபரப்பாகப் பேசிய வழக்கு அது.

சித்தசுவாதீனம் இல்லாதவர்களுக்கான தனிச் சட்டங்கள் 1858இல் வந்தன. ஒரே ஆண்டில் அடுத்தடுத்து மூன்று: 34ஆவது சட்டம் சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களுக்கு, 35ஆவது வெளி மாவட்டங்களுக்கு, 36ஆவது பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு. முதல் இரண்டும் சொத்துள்ளவரைப் பற்றியவை. உறவினரோ அதிகாரியோ மனுப் போட, நீதிபதி விசாரித்து, சொத்துக்கு மேனேஜரையும் ஆளுக்குக் காப்பாளரையும் நியமிப்பார். மூன்றாவது சட்டத்தின் வழி வேறு. தெருவில் திரியும் ஏழையைப் போலீஸ் பிடித்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும், அங்கிருந்து ஆஸ்பத்திரி. சென்னையில் வாலண்டைன் கானலி என்ற சர்ஜன் 1794இல் தொடங்கிய மனநோயாளர் இல்லத்தின் வழிவந்த அந்த ஆஸ்பத்திரி, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. நிலம் இருந்தால் சிவில் கோர்ட், இல்லாவிட்டால் கீழ்ப்பாக்கம். எழுதப்படாத இந்த வழக்கம் மறைய வெகுகாலம் ஆயிற்று.

மூன்று சட்டங்களையும் ஒன்றாக்கியது 1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம். அதில் உலக அனுபவத்திலிருந்து எழுந்த விதிகள் சில உண்டு. ஒருவர் இறந்தால் அவர் சொத்தை அடையப்போகும் வாரிசை, அவரைப் பார்த்துக்கொள்ளும் காப்பாளராக நியமிக்கக் கூடாது. அவர் நன்மைக்கு அதுவே உகந்தது என்று நீதிபதி கருதினால், காரணத்தை எழுதிவைத்த பிறகே நியமிக்கலாம். சாவால் லாபம் அடைகிறவரிடம் உயிரை ஒப்படைக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் மேனேஜர் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும்.

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இதைவிட நுட்பமாகப் பார்த்தது. இடையிடையே தெளிவடையும் ஒருவர், மனநல ஆஸ்பத்திரியில் இருந்தாலும்கூட, தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்று அது எடுத்துக்காட்டோடு சொல்கிறது. காப்பாளர் சட்டங்களோ ஒருமுறை முத்திரை குத்தியபின், நீதிமன்றமே அதை நீக்கும்வரை தெளிந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

பங்கு மறுக்கும் பழைய விதி மெல்லத்தான் தளர்ந்தது. 1928ஆம் ஆண்டின் 12ஆவது சட்டம் உடற்குறை உள்ளவர்களுக்கு வாரிசுரிமை தந்தது. பிறவியிலிருந்தே புத்தி சுவாதீனம் இல்லாதவர்களுக்கு மட்டும் தரவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அந்தத் தடையையும் நீக்கியது. அதற்குள் 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. ஜமீன்தாரின் சொத்து இருந்த இடத்துக்கு வீடு, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் ஆகியவை வந்தன.

1912ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் 1993இல் அமலுக்கு வந்தபோது எதிர்பாராத பள்ளம் ஒன்று விழுந்தது. பழைய சட்டம் பிறவிக் குறையையும் இடையில் வந்த நோயையும் ஒரே சொல்லில் அடக்கியிருந்தது. புதிய சட்டம் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டை மனநோயிலிருந்து பிரித்து வெளியே வைத்தது. மருத்துவப்படி அது சரிதான். ஆனால் அத்தகைய மகன் 18 வயதைத் தாண்டியதும் அவனுக்குக் காப்பாளராக இருக்கப் பெற்றோருக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. தங்களுக்குப் பின் பிள்ளையை யார் பார்ப்பது என்ற அவர்களின் கவலைக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பதில் சொன்னது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு காப்பாளரை நியமிக்கும். அந்தக் குழுவில் தொண்டு நிறுவனம் ஒன்றின் பிரதிநிதியும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பார்கள். வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் சொத்துப் பட்டியல், ஆண்டுக் கணக்கு என்ற பழைய விதி இதிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது.

2007இல் இந்தியா ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, ஒருவருக்காக முடிவெடுப்பதைவிட அவர் முடிவெடுக்க உதவுவதே முறை என்றது. அதையொட்டி 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ‘வரம்புக்குட்பட்ட காப்பாளர்’ என்பவரைக் கொண்டுவந்தது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, மாற்றுத்திறனாளியோடு கலந்து முடிவெடுப்பவர் இவர். முன்பே நியமிக்கப்பட்ட காப்பாளர்களும் இனி இந்த வரம்புக்குள்ளேயே செயல்படுவதாகக் கொள்ளப்படுவர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பற்றிய முன்விருப்பத்தை எழுதிவைக்கவும், தனக்கென ஒரு பிரதிநிதியைத் தானே நியமித்துக்கொள்ளவும் நோயாளிக்கு உரிமை தந்தது. சொத்து நிர்வாகத்தைப் பற்றி அதில் ஒரு பிரிவும் இல்லை. நிலத்துக்காகவே பிறந்த ஒரு சட்ட மரபு நிலத்தை முற்றிலும் மறந்த இடம் இது. விபத்திலோ பக்கவாதத்திலோ நினைவிழந்து கிடப்பவரின் மனைவி, சிகிச்சைச் செலவுக்கு அவர் கணக்கிலிருந்து பணம் எடுக்க எந்தச் சட்டத்தைக் காட்டுவது? உயர்நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடுவதே வழியாகியிருக்கிறது. கேரள உயர்நீதிமன்றம் 2019இல் இதற்கென நெறிமுறைகள் வகுத்தது: மருத்துவர் குழுவின் சான்று, வருவாய்த் துறையின் விசாரணை, நியமனத்துக்குப் பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கு அறிக்கை. சென்னை உயர்நீதிமன்றமும் இத்தகைய மனுக்களில் மனைவியரையும் பிள்ளைகளையும் காப்பாளராக நியமித்து வருகிறது.