அகத்தியமலை: உச்சிக்குப் போகும் வழி

பொதிகை என்றதும் தமிழர்களுக்குத் தென்றல், தாமிரபரணி, அகத்திய முனிவர் என்று பலவும் நினைவுக்கு வரும். அந்தப் பொதிகைத் தொடரில் உயர்ந்து நிற்கும் சிகரம் தான் அகத்தியமலை. மலையாளத்தில் அகஸ்தியார்கூடம். உயரம் 1,868 மீட்டர்.

ஒரே நாளில் ஏறி இறங்கக்கூடிய மலை அல்ல இது. இரவு எங்கே தங்குவது, யார் வழிகாட்டுவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகு தான் பயணத்தையே தொடங்க முடியும். இந்த மலையின் வரலாறும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே போகிறது.

உச்சியில் ஓர் ஆய்வுக்கூடம்

1837-ல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் ஒரு வானாய்வுக் கூடத்தைத் தொடங்கினார். 1852-ல் அதன் இயக்குநராக வந்தவர் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரௌன். காந்த ஊசி நாள் முழுவதும் ஒரே திசையில் நிற்பதில்லை, மிகச் சிறிய அளவில் அசைந்துகொண்டே இருக்கும். கடலுக்குப் பக்கத்தில் உள்ள திருவனந்தபுரத்தில் அசைவது போலவே உயரமான மலையிலும் அசைகிறதா? இதை அறிய அவர் தேர்ந்தெடுத்த இடம் அகத்தியமலை.

ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்தால் இதற்கு விடை கிடைக்காது. வெயிலிலும் மழையிலும் அங்கேயே தங்கிக் குறிப்பெடுக்க வேண்டும். அதற்கு உச்சியில் ஒரு கட்டடம் வேண்டும். யானைகள் திரியும் அடர்ந்த காட்டைத் தாண்டி 1855-ல் அந்தக் கூடம் எழுந்தது. பிரௌன் 1865-ல் ஐரோப்பா திரும்பினார். இரண்டு கூடங்களின் அளவீடுகளும் 1874-ல் லண்டனில் நூலாக வெளிவந்தன. மலையில் இன்று ஆய்வுக்கூடம் இல்லை. உச்சியில் அகத்தியர் சிலை இருக்கிறது.

காணி மக்கள்

இந்தக் காடு காணி பழங்குடியினரின் பூர்வீகம். அகத்தியர் அவர்களுக்குத் தெய்வம். 1987-ல் அறிவியலாளர் குழு ஒன்று இவர்களை வழிகாட்டிகளாக அழைத்துக்கொண்டு மலையேறியது. வந்தவர்கள் களைத்துப் போனார்கள், வழிகாட்டிகளோ களைக்கவே இல்லை! வழியில் அவர்கள் ஏதோ ஒரு சிறிய காயைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். அது தான் ஆரோக்கியப்பச்சை.

அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. அதைத் தயாரிக்கும் உரிமை கோவை நிறுவனம் ஒன்றுக்குப் 10 லட்சம் ரூபாய்க்குத் தரப்பட்டது. அதில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுப்பது என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலக அளவில் இது பேசப்பட்டது. ஆனால் எல்லாக் காணிகளையும் கேட்டா இந்த அறிவு வெளியே கொடுக்கப்பட்டது என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுந்தது.

யார் ஏறலாம்?

இன்று கேரள வனத்துறை ஜனவரி, பிப்ரவரி மாதங்களை ஒட்டி மலையேற அனுமதி தருகிறது. போனக்காட்டில் நடை தொடங்கும். முதல் நாள் இரவு அதிருமலை முகாமில் தங்கல். மறுநாள் கயிற்றைப் பிடித்துப் பாறைகளில் ஏறி உச்சியைத் தொட்டுவிட்டு மீண்டும் முகாமுக்குத் திரும்புவார்கள். மூன்றாம் நாள் இறக்கம்.

பல ஆண்டுகளாகப் பெண்களுக்கு இந்த அனுமதி கிடைக்கவில்லை. 2018 நவம்பரில், பெண் என்பதற்காகத் தடுக்கக்கூடாது என்று கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி 14-ல் தன்யா சனல் மலையேறினார். தங்கள் வழக்கம் மீறப்படுவதாகக் காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் அவரைத் தடுக்கவில்லை. பெண்களின் உரிமையும் நியாயமானது. தங்கள் தெய்வத்தின் மலையைப் பற்றிய முடிவில் தங்களையும் கேட்கவேண்டும் என்ற காணி மக்களின் எதிர்பார்ப்பும் நியாயமானது.

மலையேறப் போகிறவர்கள் தேதி, உணவு, போர்வை, அட்டைக் கடிக்கு உப்பு என்று பட்டியல் போடுவார்கள். அகத்தியமலைக்குப் போகிறவர்கள் அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாருடைய காட்டுக்குள் நடக்கிறோம் என்ற நினைவு தான் அது.