ஃபஜார் வழக்கும் மாணவர் அரசியலும்

1954ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்று சிங்கப்பூரில் இயங்கிவந்த மலாயாப் பல்கலைக்கழகத்தின் மாணவர் எண்மர் தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டனர். பல்கலைக்கழகச் சோசலிசக் கழகத்தின் ஏடாகிய 'ஃபஜார்' வெளியிட்ட 'ஆசியாவில் ஆக்கிரமிப்பு' என்னும் தலையங்கமே அதற்குக் காரணம். பிரிட்டிஷ் வழக்கறிஞர் டி.என். பிரிட்டுக்குத் துணைநின்று மாணவர்க்காக வாதாடிய லீ குவான் யூவின் அரசியல் வளர்ச்சியில் ஒரு படியாகவே இவ்வழக்கு பெரும்பாலும் பேசப்படுகிறது. குற்றம் சாட்டப்பட்ட இளைஞர் பக்கம் நின்று இதனை நோக்க விழைகிறோம்.

அவர்கள் அனைவரும் ஒரே வழியில் அரசியலுக்கு வந்தவர் அல்லர். ஜேம்ஸ் புதுச்சேரி இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மாப் போர்முனை கண்டவர். 1951இல் மாணவராயிருந்தபோதே விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டவர். எம்.கே. இராஜகுமாரும் போ சூ காயும் மருத்துவம் பயின்றவர்கள். தமிழ் ஆசிரியர் ஒருவரின் மகனான எட்வின் தம்பு பின்னாளில் சிங்கப்பூர் ஆங்கிலக் கவிதையின் முன்னோடியானார் என்பதைத் தமிழாசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று.

அதே மாதம் 13ஆம் நாள், தேசிய சேவைப் பதிவை எதிர்த்த சீனப் பள்ளி மாணவர்கள் காவல்துறையினருடன் மோதினர். ஒரே நகரில் இரு மாணவர் எழுச்சிகள்; எனினும் ஃபஜார் ஆங்கில ஏடு. மொழியால் பிரிந்த கல்விமுறை இளைஞரையும் பிரித்து வைத்திருந்தது. சட்டத்தின் தடைக்கு இத்தடை குறைந்ததன்று என்பது எம் கருத்து.

ஆகஸ்டு மாதம் மூன்று நாள் நடந்த விசாரணையின் முடிவில், எதிர்த்தரப்பு விளக்கத்தைக் கோராமலே நீதிபதி எண்மரையும் விடுவித்தார். மாணவர்க்கு அது பெருவெற்றியே. ஆனால் நீதிமன்றத்தில் தோற்ற அரசுக்கு நீதிமன்றம் தேவைப்படாத வழியும் இருந்தது. 1948இன் அவசரகாலச் சட்டவிதிகள் தந்திருந்த தடுப்புக்காவல் அதிகாரத்தை, 1955இல் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம் தொடர்ந்து நிலைநிறுத்தியது. அடுத்த ஆண்டே புதுச்சேரி மீண்டும் சிறை சென்றார். மலாயாவின் பொருளாதார உடைமை பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் அங்கு எழுதப்பட்டு 1960இல் வெளிவந்தது. 1963 பிப்ரவரியில் 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அவர்களுள் புதுச்சேரியும் போ சூ காயும் இருந்தனர். இம்முறை குற்றப்பத்திரிகை இல்லை. வாதிட ஒரு தலையங்கமும் இல்லை.

மூன்று நாள் விசாரணையில் குற்றமற்றவராக விடுவிக்கப்பட்ட போ சூ காய், பின்னர் இருமுறை கைதாகி, விசாரணை ஏதுமின்றி ஏறத்தாழ 17 ஆண்டுகள் காவலில் கழித்தார்.