பரிசாண்டும் பணியாண்டும்: பெர்க்லிப் பல்கலைக்கழக வரலாறு குறித்து ஓர் ஆராய்வு

ஒரு பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதப் புகுவார்க்கு எளிதிற் கிட்டும் முதற் சான்று பரிசுப் பட்டியலேயாம். அதில் ஆண்டு உண்டு, பெயர் உண்டு, துறை உண்டு. ஆயினும், அப்பட்டியல் எதனை உணர்த்துகின்றது என ஆராயாது, அதனையே வரலாறாகக் கொள்ளுதல் பொருந்தாது. அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகம் 2020 முதல் 2025 வரை எய்திய சிறப்புகளைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம். திராவிட மொழியாராய்ச்சி வரலாற்றில் அப்பல்கலைக்கழகத்திற்குத் தனியிடம் உண்டாதலின், தமிழ் பயில்வார்க்கு அது முற்றிலும் அயலதன்று.

1868ஆம் ஆண்டில் மாநிலச் சட்டத்தால் தோன்றிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மூத்த வளாகம் இது. இதன் முதல் நோபல் பரிசு 1939ஆம் ஆண்டிற்குரியது. சைக்ளோட்ரான் என்னும் கருவியை ஆக்கிய எர்னஸ்ட் லாரன்ஸ் அதனைப் பெற்றார். அப்போது ஐரோப்பாவிற் போர் மூண்டிருந்தமையால், 1940 பிப்ரவரியில் பெர்க்லியிலேயே பரிசு வழங்கப்பெற்றது. அதன்பின் பரிசுகள் பல வந்தன. நோபல் பரிசு பெற்ற பேராசிரியர்க்கு வண்டி நிறுத்தத் தனியிடம் ஒதுக்குவது அங்குள்ள வழக்கம். பெருமையை இவ்வளவு சிக்கனமாகப் பாராட்டும் முறை வேறெங்கும் உண்டோ அறியோம்!

2025ஆம் ஆண்டின் இயற்பியற் பரிசு ஜான் கிளார்க், மிஷேல் டெவோரே, ஜான் மார்ட்டினிஸ் ஆகிய மூவர்க்கும் உரியதாயிற்று. பரிசிற்குரிய ஆய்வு நிகழ்ந்தது 1984, 1985 ஆகிய ஆண்டுகளில், இடம் பெர்க்லி. கிளார்க் 1969 முதல் அங்கே ஆசிரியர். டெவோரே பாரிசிலிருந்து வந்து தங்கிய இளம் ஆய்வாளர். மார்ட்டினிஸ் முனைவர் பட்ட மாணவர். மீக்கடத்திகள் இரண்டினிடையே மெல்லிய மின்காப்பு ஏடு ஒன்றை வைத்தால், மின்னழுத்தம் சிறிதும் இன்றியே அதனூடே மின்னோட்டம் செல்லும். இதனை 1962ஆம் ஆண்டிலேயே பிரையன் ஜோசப்சன் கணித்துக் கூறியிருந்தார். அந்நிலையில் அடைபட்டுள்ள மின்சுற்று, தடையைத் தாண்டுதற்கு வேண்டிய ஆற்றல் இல்லாதபோதும், அதனை ஊடுருவி வெளிப்படுமா என்பதே வினா. அணுவளவிற்கு உரியவெனக் கருதப்பட்ட குவாண்டம் இயல்பைக் கையிற் பிடிக்கத்தக்க அளவினதாகிய ஒரு சுற்றிற் காட்டுதல் எளிதன்று. புறத்தேயிருந்து வரும் சிறு நுண்ணலைக் கலப்பும் முடிவைக் கெடுத்துவிடும். அதனைத் தடுக்கச் செப்புத்தூள் நிரப்பிய வடிகட்டிகளை அவர்கள் அமைத்தனர். மிகவும் குளிர்ந்த நிலையில் அளந்தபோது, ஊடுருவல் நிகழ்தலும், அச்சுற்று ஆற்றலைக் குறித்த படிகளிலேயே ஏற்றலும் ஐயமின்றிப் புலனாயின. இன்றைய குவாண்டம் கணிப்பொறி முயற்சிகள் பலவற்றிற்கும் இது அடிநிலை. பணிக்கும் பரிசிற்கும் இடையே நாற்பதாண்டு கழிந்தது.

இனி, அதே ஆண்டு வேதியியற் பரிசு. உலோக அயனிகளையும் கரிம மூலக்கூறுகளையும் இணைத்து, உள்ளே பெருவெளி பொதிந்த சட்டகங்களை ஆக்கியமைக்காக, மெல்போர்னின் ரிச்சர்ட் ராப்சன், கியோட்டோவின் சுசுமு கிட்டகாவா ஆகியோருடன் பெர்க்லியின் ஓமர் யாகி இதனைப் பெற்றார். 1999ஆம் ஆண்டு யாகி வெளியிட்ட சட்டகப் பொருளில் ஓரிரு கிராமின் உட்பரப்பே ஒரு கால்பந்து ஆடுகளத்தை ஒக்கும். ஆயின் அவர் பெர்க்லிக்கு வந்தது 2012ஆம் ஆண்டில்! பரிசிற்கு அடிப்படையான ஆய்வுகள் அரிசோனாவிலும் மிச்சிகனிலும் நிகழ்ந்தன. எனவே இப்பரிசு பெர்க்லியின் பட்டியலில் இருப்பினும் பெர்க்லியில் விளைந்தது எனல் ஆகாது. யாகி, அம்மானில் பாலத்தீன ஏதிலியர் குடும்பத்திற் பிறந்து, 15 வயதில் அமெரிக்கா சென்றவர். முதலிற் சிறியதொரு சமுதாயக் கல்லூரி. பின்னர் ஆல்பனி, இல்லினாய், அரிசோனா, மிச்சிகன், லாஸ் ஏஞ்சலிஸ், பெர்க்லி. இடையே ஹார்வர்டிற் கழித்த சிறுகாலம் நீங்கலாக இவை யாவும் அரசுக் கல்விநிலையங்களே. ஒரு பல்கலைக்கழகத்தின் வெற்றி என்பதினும், பொதுப்பணத்தால் இயங்கும் கல்விநிலையங்களின் தொடர் ஒன்றன் வெற்றி என்பதே இதற்குத் தகும்.

2021ஆம் ஆண்டிற் பொருளியற் பரிசு பெற்ற டேவிட் கார்டின் குறைந்த அளவுக் கூலி பற்றிய ஆய்வும் பிரின்ஸ்டனில் அவர் இருந்த காலத்தது. மாறாக, ஜெனிபர் டவுட்னா, எம்மானுவேல் சார்ப்பென்டியே ஆகியோர் மரபணுவைத் திருத்தும் முறையை வெளியிட்டது 2012இல். பரிசு வந்தது 2020இல். எட்டாண்டே கழிந்த இது விதிவிலக்கு.

இவ்வெண்ணிக்கை ஆராய்ச்சி வீண் எனச் சிலர் கருதலாம். அற்றன்று, பணம் ஒதுக்குவோர் பரிசாண்டையே நோக்குகின்றனர். 2025ஆம் ஆண்டில் அமெரிக்க நடுவணரசு ஆய்வு நல்கைகள் பலவற்றை நிறுத்தியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர் வழக்குத் தொடுத்தனர். அவற்றுட் பலவற்றை மீட்டளிக்குமாறு ஜூன் மாதத்தில் நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. நான்கு திங்கள் கழித்து, 1980களின் நல்கைகளாற் பயன்பெற்ற பணிக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பெற்றது.

பரிசுப் பட்டியலில் ஒருபோதும் இடம்பெறாப் பணியும் உண்டு. மரே எமனோ 1904ஆம் ஆண்டு கனடா நாட்டிற் பிறந்தவர்; 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரித் தோடர், கோத்தர் முதலியோரின் மொழிகளைக் கேட்டுப் பதிந்தவர்; 1940 முதல் பெர்க்லியிற் பணியாற்றினார். எழுத்துருவம் பெறாத கோத்த மொழிக் கதைகளை 1944 முதல் 1946 வரை அப்பல்கலைக்கழகப் பதிப்பகமே வெளியிட்டது. உலகப்போரின் இறுதியாண்டுகளில், மிகச் சிலரே பேசும் மலைமொழியின் கதைகளை அச்சிட முன்வந்த ஒரு பதிப்பகத்தை என்னென்று பாராட்டுவது! 1953ஆம் ஆண்டு அங்கே மொழியியல் துறையைத் தோற்றுவித்தவரும் அவரே. இந்தியாவை ஒரு மொழிப்பரப்பாக நோக்கும் அவரது கட்டுரை 1956ஆம் ஆண்டு வெளிவந்தது. தாமஸ் பரோவுடன் அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி 1961ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு வெளியீடாக வந்தது. அதில் தமிழ்ச்சொல் உள்ள இடத்தெல்லாம் தமிழே முன்னிற்கும். பிறமொழி இனச்சொற்கள் அதனைத் தொடரும். அதனைத் திறவாது இன்று ஒப்பியலாய்வு செய்வார் இலர். அவர்க்குச் சிறப்புகள் இல்லாமல் இல்லை. 1949ஆம் ஆண்டு அமெரிக்க மொழியியற் கழகத்தின் தலைவராக இருந்தார். எனினும் செய்தித்தாள் அறியும் சிறப்பு எதுவும் இத்தகைய பணிக்கு இல்லை.

அவர்க்குப் பின் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய ஜார்ஜ் ஹார்ட், தமிழின் செம்மொழித் தகுதியை நிறுவி 2000ஆம் ஆண்டு எழுதிய மடலை நம்மவர் நன்கறிவர். 2004இல் இந்திய அரசு அத்தகுதியை அறிவித்தது. 2015இல் அவர்க்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. சங்க இலக்கியத்தை வடமொழி மரபோடு ஒப்புநோக்கும் அவரது நூல் வெளிவந்ததோ 1975ஆம் ஆண்டிலேயே.

பெர்க்லி ஆசிரியர் பெற்ற நோபல் பரிசுகளுள் 1983ஆம் ஆண்டிற்குரியதை அடுத்து வருவது 1986ஆம் ஆண்டிற்குரியது. இடையிலுள்ள 1984, 1985 என்னும் ஈராண்டும் வெறுமையாக உள்ளன. அவ்வெறுமையில்தான் கிளார்க்கின் ஆய்வுக்கூடத்தில் செப்புத்தூள் வடிகட்டிகள் இயங்கின. 1971ஆம் ஆண்டிலேயே ஓய்வுபெற்றுவிட்ட எமனோ, தம் எண்பதாம் அகவையில், பரோவுடன் அகராதியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டதும் 1984இல்தான்; 5,500க்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட அப்பதிப்பே இன்று நம் துறைகளிற் பயில்வது.